ஓட்டுப் போட்டவர் தப்பினார்: ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா லஞ்ச வழக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

1993-ல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்திலிருந்து மத்திய அரசைக் காப்பாற்ற எம்.பி.க்கள் சிலர் பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டார்கள் என்பதுதான் இந்த வழக்கு. இந்த ஆய்வில் அரசியல்வாதிகளைப் பதவியை வைத்து மட்டுமே குறிப்பிடுகிறேன். யார் யார் என்று கண்டுபிடிக்க ஒருவருக்கும் இரண்டு நிமிடம்கூட ஆகாது. ஆனால் பெயரைப் பார்த்ததும் கட்சி அபிமானம் குறுக்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது, அப்புறம் நடந்ததைப் பேச முடிவதில்லை. வழக்கு நடத்தக் கற்றுக்கொள்ளும் இளைஞர்களோடு இதைப் பேசியபோதெல்லாம் இதைக் கவனித்திருக்கிறேன். நீதிபதிகளின் பெயர்கள் மட்டும் தேவைப்பட்ட இடத்தில் வரும்.

பின்னணி: நெம்ராவிலிருந்து தும்கா வரை

ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவின் கட்சித் தலைவர் 1944-ல் நெம்ரா என்ற ஊரில் ஒரு சந்தால் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது அது பிகாரின் ஹசாரிபாக் மாவட்டம், இன்றைக்கு ஜார்க்கண்டின் ராம்கர் மாவட்டம். பள்ளி ஆசிரியராக இருந்த அப்பாவை 1957-ல் வட்டிக்காரர்களின் ஆட்கள் கொன்றுவிட்டார்கள். அந்தப் பகுதியில் அவர்களை மகாஜன் என்பார்கள். கொஞ்சம் தானியமோ பணமோ கடன் கொடுத்துவிட்டு நிலத்தையே எழுதி வாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம்.

மகன் வளர்ந்து அந்த நிலங்களுக்குள்ளேயே இறங்கினார். 'தான் கட்டி' என்று அந்தப் போராட்டத்துக்குப் பெயர், நெல்லறுப்பு என்று அர்த்தம். பறிபோன வயலில் பெண்கள் இறங்கிக் கதிர் அறுப்பார்கள், வரப்பில் ஆண்கள் வில்லும் அம்புமாகக் காவல் நிற்பார்கள். தன்பாத் பக்கம் டுண்டியில் தொடங்கிய இதன் வழியாகத்தான் 'திசோம் குரு', அதாவது நாட்டின் குரு, என்ற பட்டம் அவருக்கு வந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஒரு குர்மி சமூகத் தலைவரோடும் ஓர் இடதுசாரித் தொழிற்சங்கத் தலைவரோடும் சேர்ந்து ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சாவைத் தொடங்கினார். தனி மாநிலம் வேண்டும் என்பதுதான் கோரிக்கை. 1980-ல் தும்கா தொகுதியிலிருந்து முதல்முறையாக மக்களவைக்குப் போனார்.

இந்தப் பின்னணியை விட்டுவிட்டுப் பின்னால் நடந்ததைப் படித்தால் ஒன்றும் புரியாது. லஞ்சப் புகாருக்குப் பிறகும் அந்த மக்கள் ஏன் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்ற கேள்விக்குப் பதில் இந்த நெல் வயலில்தான் இருக்கிறது.

1993 ஜூலை: பதினான்கு ஓட்டு

1991 தேர்தலுக்குப் பின் அமைந்த காங்கிரஸ் அரசு சிறுபான்மை அரசு. 1993 ஜூலை 26 அன்று மார்க்சிஸ்ட் உறுப்பினர் ஒருவர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். அவையில் அப்போது 528 உறுப்பினர்கள். காங்கிரஸிடம் இருந்தது 251. தீர்மானத்தைத் தோற்கடிக்க இன்னும் 14 பேர் வேண்டும். ஜூலை 28 அன்று ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவாக 251, எதிராக 265. அரசு பிழைத்தது.

அரசுக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டவர்களில் முக்தி மோர்ச்சாவின் நான்கு பேர் இருந்தார்கள், கட்சித் தலைவரும் அதில் ஒருவர். ஜனதா தளத்திலிருந்து பிரிந்த ஒரு குழுவின் ஆறு பேரும் அப்படியே ஓட்டுப் போட்டார்கள். அந்தக் குழுவின் தலைவர் மட்டும் ஓட்டே போடவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நானே ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்த்தேன். முக்தி மோர்ச்சாவின் நால்வர் மட்டும் எதிர்ப்பக்கம் போயிருந்தால் 255-க்கு 261, அரசு அப்போதும் பிழைத்திருக்கும். பத்துப் பேரும் ஓட்டுப் போடாமல் ஒதுங்கியிருந்தால்கூட 251-க்கு 255. பத்துப் பேரில் எட்டுப் பேராவது மாற்றி ஓட்டுப் போட்டிருந்தால்தான் அரசு கவிழ்ந்திருக்கும், பத்துப் பேரும் மாற்றியிருந்தால் 261-க்கு 255. ஆக, ஒரு கட்சியை மட்டும் பிடித்தால் போதாது என்ற கணக்கு அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது.

கவனிக்கப்பட்டவை

இரண்டரை ஆண்டு ஒன்றும் வெளியே வரவில்லை. 1996 பிப்ரவரி 28 அன்று ராஷ்ட்ரிய முக்தி மோர்ச்சா என்ற சிறு அமைப்பின் பொறுப்பாளர் சிபிஐயிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்தார். (பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று குழம்ப வேண்டாம், இது வேறு அமைப்பு.) அரசைக் காப்பாற்ற எம்.பி.க்களுக்கு மூன்று கோடி ரூபாய்க்கு மேல் பேசப்பட்டது, அதில் 1 கோடியே 10 லட்சம் கைமாறியது என்பது புகாரின் சாரம். விஷயம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய், அதன் தலையீட்டில் விசாரணை சூடு பிடித்தது.

விசாரணையில் கிடைத்த பெரிய தடயம் ரகசிய டயரியோ ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சோ அல்ல, சாதாரண வங்கிக் கணக்கு. வழக்கின்படி, ஓட்டெடுப்பு முடிந்த சில நாட்களில் டெல்லி நௌரோஜி நகரில் உள்ள பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையில் முக்தி மோர்ச்சா உறுப்பினர்களின் பெயரில் ஆளுக்கு 30 லட்சம் அளவில் போடப்பட்டிருந்தது. இந்தப் பக்கத்துக்கு வரும்போதெல்லாம் நான் கொஞ்சம் நின்றுவிடுவேன். கறுப்புப் பணம் என்றால் பரணிலும் மெத்தைக்குள்ளும் இருக்கும் என்றுதான் நமக்கு நினைப்பு. இங்கே கவுன்டரில் ரொக்கம் எண்ணப்பட்டு, செலான் எழுதப்பட்டு, சொந்தப் பெயரில் கணக்கில் ஏறியிருக்கிறது. மறைக்க வேண்டும் என்றே தோன்றவில்லையா, மறைக்கத் தெரியவில்லையா, அல்லது யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியமா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் புலனாய்வாளருக்கு இதைவிட நல்ல சான்று வாய்க்காது.

நால்வரில் ஒருவர் 1996-ல் பணம் வாங்கியதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். பின்னர் மன்னிப்புப் பெற்று அப்ரூவர், அதாவது குற்றம் சாட்டப்பட்டவராக இருந்து அரசுத் தரப்புச் சாட்சியாக மாறியவர், ஆனார். இதற்கிடையே அவர் பாரதிய ஜனதா பக்கம் போய்விட்டார். அவர் மனைவி 1998-லும் 1999-லும் அந்தக் கட்சியின் சார்பில் ஜாம்ஷெட்பூரில் வென்று எம்.பி. ஆனார். அப்ரூவர் பொய் சொன்னார் என்பதல்ல நான் சொல்ல வருவது. ஆனால் கூண்டில் ஏறும் சாட்சியின் அரசியல் இப்படி மாறியிருந்தால், எதிர்த்தரப்பு வக்கீல் அதை விடுவாரா?

எடுக்கப்பட்ட முடிவுகள்

சிபிஐ எடுத்த முதல் பெரிய முடிவு, கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களையும் வாங்கியதாகச் சொல்லப்பட்டவர்களையும் ஒரே சதித்திட்டத்தின் கீழ் சேர்த்தது. அப்போது பதவியிழந்திருந்த பிரதமர், அவருடைய சகாக்கள், முக்தி மோர்ச்சாவினர், ஜனதா தளக் குழுவினர் என்று எல்லோரும் ஒரே வண்டியில் ஏற்றப்பட்டார்கள். சட்டப்படி அதில் தவறு இல்லை. லஞ்சம் ஒரு கையால் தட்டினால் வராத ஓசை. ஆனால் வண்டியின் பாதியைக் கழற்றிவிட்டால் மீதி ஓடுமா என்று யாரும் அப்போது யோசித்ததாகத் தெரியவில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் எடுத்த முடிவுதான் வழக்கின் போக்கையே மாற்றியது. 'நான் வாங்கவில்லை' என்று வாதாடுவதற்கு முன்னால், 'வாங்கினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அப்போதும் என்னை விசாரிக்க முடியாது' என்று நின்றார்கள். அதற்கு அரசியல் சட்டத்தின் 105(2) பிரிவைக் காட்டினார்கள். நாடாளுமன்றத்தில் தான் பேசிய எதைப் பொறுத்தும், போட்ட எந்த ஓட்டைப் பொறுத்தும் ஓர் உறுப்பினர் எந்த நீதிமன்றத்திலும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்கிறது அது. உறுப்பினர் பயமில்லாமல் பேசவும் ஓட்டுப் போடவும் ஏற்பட்ட பாதுகாப்பு அது. விசாரணை நீதிமன்றமும் டெல்லி உயர் நீதிமன்றமும் இந்த வாதத்தை ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள் அமர்வுக்குப் போனது.

நாடாளுமன்றம் எடுக்காத முடிவு ஒன்றும் உண்டு. 1951-லேயே, தற்காலிக நாடாளுமன்றத்தில், பணம் வாங்கிக்கொண்டு ஒரு வணிகச் சங்கத்துக்காகச் செயல்பட்ட உறுப்பினரை நீக்கும் அளவுக்கு அவை போனது. அவர் முந்திக்கொண்டு ராஜினாமா செய்தார். 2005 டிசம்பரில் கேள்வி கேட்கப் பணம் வாங்கியவர்கள் என்று 11 உறுப்பினர்கள் சில நாட்களிலேயே நீக்கப்பட்டார்கள். 1993 விவகாரத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அவை கைவைக்கவில்லை, நீதிமன்றம் கைவைக்கலாமா என்பதே கேள்வியாகிவிட்டது.

1998 ஏப்ரல் 17: ஒரு சொல்லின் பொருள்

எல்லாம் 'பொறுத்து' என்ற ஒரே சொல்லில் வந்து நின்றது. ஓட்டைப் பொறுத்து வழக்கு போடக் கூடாது. சரி, ஓட்டுக்காக வாங்கிய காசு ஓட்டைப் பொறுத்த விஷயமா, இல்லையா?

நீதிபதிகள் எஸ்.சி. அகர்வாலும் ஏ.எஸ். ஆனந்தும் இல்லை என்றார்கள். லஞ்சக் குற்றம் பணத்தை வாங்கும்போதே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த ஆள் சொன்னபடி ஓட்டுப் போட்டாரா, போடாமல் ஏமாற்றினாரா என்பது குற்றத்துக்குத் தேவையே இல்லாத சங்கதி. ஆகவே வழக்கு ஓட்டிலிருந்து பிறக்கவில்லை, வாங்கியதிலிருந்து பிறக்கிறது.

எஸ்.பி. பரூச்சாவும் எஸ். ராஜேந்திர பாபுவும் வேறு வழியில் போனார்கள். 'பொறுத்து' என்பதற்கு விரிந்த பொருள் கொடுக்க வேண்டும். லஞ்சத்துக்கும் ஓட்டுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆகவே பாதுகாப்பு உண்டு. குற்றச்சாட்டு உண்மையானால் அது எவ்வளவு பெரிய துரோகம் என்று அவர்களும் அழுத்தமாகவே எழுதினார்கள். ஆனால் நம் கோபத்துக்காக அரசியல் சட்டத்தைச் சுருக்கிப் படிக்கக் கூடாது என்பது அவர்கள் நிலை. இன்றைக்கு அந்தத் தீர்ப்பைக் கேலி செய்வது எளிது. ஆளும் கட்சி போலீஸைக் கையில் வைத்துக்கொண்டு, தனக்கு எதிராக ஓட்டுப் போட்ட எம்.பி. மீதெல்லாம் 'காசு வாங்கினான்' என்று வழக்குப் போட்டால் என்ன ஆகும் என்ற அவர்களுடைய கவலை வெறும் கற்பனை என்று என்னால் சொல்ல முடியவில்லை.

ஐந்தாவது நீதிபதி ஜி.என். ரே. பாதுகாப்பு விஷயத்தில் அவர் பரூச்சா பக்கம் சேர்ந்தார். 3-க்கு 2. ஆனால் எம்.பி. ஒரு பொது ஊழியரா, அவர்மீது வழக்குத் தொடர யார் அனுமதிக்க வேண்டும் என்ற கேள்வி வந்தபோது அதே ரே அகர்வால் பக்கம் சேர்ந்தார். எம்.பி. பொது ஊழியர்தான், அனுமதி தர இன்னார் என்று சட்டத்தில் இல்லாததால், நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யும் முன் மக்களவைத் தலைவரிடமோ மாநிலங்களவைத் தலைவரிடமோ அனுமதி பெற வேண்டும் என்று ஆனது. எம்.பி. பொது ஊழியர் என்பதில் ஐவரும் ஒன்றுபட்டார்கள், அனுமதி விஷயம் 3-க்கு 2. ஒரே நாளில் இரண்டு கேள்விக்கும் ஒரே நீதிபதியின் ஓட்டுதான் முடிவு. ஓட்டைப் பற்றிய வழக்கில் இப்படி அமைந்தது விசித்திரம்தான்.

விளைவைப் பாருங்கள். பணம் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டதாகச் சொல்லப்பட்டவர்கள் மீது வழக்கே கிடையாது. பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டு ஓட்டுப் போடாமல் இருந்த அந்தக் குழுத் தலைவருக்குப் பாதுகாப்பு இல்லை, அவர் விசாரணையைச் சந்திக்க வேண்டும். கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. காசு வாங்கினால் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும், செய்யாமல் விட்டால்தான் ஆபத்து என்ற நிலை. இதைக் கேட்டு வகுப்பில் யாராவது சிரிக்காமல் இருந்து நான் பார்த்ததில்லை.

தொடர்ந்து நடந்தது

மீதமிருந்தவர்கள் மீது விசாரணை நடந்தது. 2000 செப்டம்பர் 29 அன்று டெல்லி சிறப்பு நீதிமன்றம் முன்னாள் பிரதமரையும், முன்னாள் உள்துறை அமைச்சர் ஒருவரையும் குற்றவாளிகள் என்றது. மற்றவர்களை விடுவித்தது. அக்டோபர் 12 அன்று இருவருக்கும் மூன்றாண்டு கடுங்காவல் தண்டனை. இந்தியப் பிரதமராக இருந்த ஒருவர் குற்றவியல் வழக்கில் தண்டனை பெற்றது அதுவே முதல்முறை. சிறைக்குப் போகவில்லை, மேல்முறையீடு செய்தார்.

2002 மார்ச் 15 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. காரணம், அப்ரூவரின் வாக்குமூலத்தை நம்ப முடியவில்லை என்பது.

இந்த வழக்கில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான். காகிதச் சான்று எங்கே இருந்தது? வாங்கியவர்கள் பக்கம். நௌரோஜி நகர் வங்கிக் கணக்கு வாங்கியவரைத்தான் காட்டும், கொடுத்தவரைக் காட்டாது. ரொக்கத்தில் கையெழுத்து இருக்காதே. 1998 தீர்ப்பு அந்தப் பக்கத்தை அப்படியே வெட்டி எடுத்துவிட்டது. மிஞ்சியது கொடுத்தவர்கள் பக்கம். அங்கே காகிதம் இல்லை, ஒரு மனிதரின் வாய்வார்த்தைதான் இருந்தது. அந்த மனிதரும் பாதியில் கட்சி மாறியவர். சான்று இருந்த இடத்தில் வழக்கு இல்லை, வழக்கு இருந்த இடத்தில் சான்று இல்லை. 2002-ல் விடுவித்த உயர் நீதிமன்றத்தைக் குறை சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. வழக்கு 1998-லேயே முடிந்துவிட்டது, மீதி நாலு ஆண்டும் வெறும் சடங்கு என்பது என் கருத்து.

கட்சித் தலைவரின் அரசியல் வாழ்வு

லஞ்சப் புகார் நாடெங்கும் பேசப்பட்ட 1996-ல்தான் பொதுத்தேர்தல் வந்தது. தும்காவில் அவர் வென்றார். 1998-ல் தோற்றார். அதற்கு லஞ்சம் காரணமா, அந்த ஆண்டின் பாரதிய ஜனதா அலை காரணமா என்று பிரித்துச் சொல்வது கடினம். 2000 நவம்பர் 15 அன்று ஜார்க்கண்ட் தனி மாநிலம் ஆனது. வாழ்நாள் கோரிக்கை நிறைவேறியபோது முதல் முதல்வராக நாற்காலியில் உட்கார்ந்தவர், அவரை 1998-ல் தோற்கடித்த அதே எதிராளி.

அதன் பிறகு அவர் பதவிகளின் கதையை வேகமாகச் சொன்னால் மூச்சு வாங்கும். 2004 மே மாதம் மத்திய நிலக்கரி அமைச்சர். ஜூலையில், 1975-ல் நடந்த ஒரு வன்முறை வழக்கில் பிடிவாரண்ட், ராஜினாமா. நவம்பரில் திரும்பவும் அமைச்சர். 2005 மார்ச்சில் ஜார்க்கண்ட் முதல்வர், பத்து நாள். 2006-ல் மறுபடி நிலக்கரி. அதே ஆண்டு நவம்பர் 28 அன்று, 1994-ல் காணாமல்போன தன் தனிச் செயலர் கொலையில் குற்றவாளி என்று டெல்லி நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆயுள் தண்டனை. 1993 பணம் பற்றி அந்தச் செயலருக்குத் தெரிந்திருந்ததுதான் கொலைக்குக் காரணம் என்பது அரசுத் தரப்பின் வாதம். 2007 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. கிடைத்த எலும்புக்கூடு அந்தச் செயலருடையதுதானா என்பதே நிறுவப்படவில்லை என்றது. 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. 1975 வழக்கிலும் 2008-ல் விடுதலையானார்.

2008 ஜூலை 22 அன்று டெல்லியில் இன்னொரு நம்பிக்கை ஓட்டெடுப்பு நடந்தது. இம்முறை முக்தி மோர்ச்சாவிடம் ஐந்து பேர். ஆளும் கூட்டணிக்கு ஆதரவாக ஓட்டுப் போட்டார்கள், அரசு 275-க்கு 256 என்று பிழைத்தது. அன்று அவைக்குள்ளேயே பாரதிய ஜனதா உறுப்பினர்கள் மூவர் நோட்டுக் கட்டுகளை எடுத்துக் காட்டியது தனிக் கதை, இந்தக் கட்சிக்கு அதில் தொடர்பில்லை. அடுத்த மாதம் கட்சித் தலைவர் ஜார்க்கண்ட் முதல்வரானார். கூட்டணி பேரத்தில் பதவி கேட்பது குற்றமில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் 1993-ல் ரொக்கம் என்று குற்றம் சாட்டப்பட்ட இடத்தில் 2008-ல் நாற்காலி இருந்தது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியவில்லை. ஆறு மாதத்துக்குள் சட்டமன்ற உறுப்பினராக வேண்டும் என்று தமார் இடைத்தேர்தலில் நின்று, முதல்வராக இருக்கும்போதே தோற்றார். 2009 டிசம்பரில் மூன்றாம் முறை முதல்வர், ஐந்து மாதம் நீடித்தது.

2002 முதல் 2014 வரை தும்கா அவரைத் தொடர்ந்து தேர்ந்தெடுத்தது. 2019-ல்தான் மறுபடி கைவிட்டது.

2012 முதல் 2024 வரை: அதே வீட்டிலிருந்து இன்னொரு வழக்கு

2012 மார்ச் 30 அன்று ஜார்க்கண்டில் மாநிலங்களவைத் தேர்தல். அன்று ராஞ்சி அருகே ஒரு காரில் 2 கோடியே 15 லட்சம் ரூபாய் பிடிபட்டது. தேர்தல் ரத்தானது, மே மாதம் மறுபடி நடந்தது. சிபிஐ வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் கட்சித் தலைவரின் மருமகள், அப்போது ஜாமா தொகுதி எம்.எல்.ஏ. ஒரு சுயேச்சை வேட்பாளரிடம் பணம் வாங்கினார் என்பது குற்றச்சாட்டு.

அவர் எடுத்த நிலை மாமனார் எடுத்த அதே நிலை. எம்.பி.க்களுக்கு 105(2) போல எம்.எல்.ஏ.க்களுக்கு 194(2). 1998 தீர்ப்பின்படி என்னை விசாரிக்க முடியாது என்றார். ஆனால் இதில் ஒரு முடிச்சு இருந்தது. மாநிலங்களவைத் தேர்தலில் ஓட்டைக் கட்சி ஏஜெண்டிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். அவர் ஓட்டுப் போட்டது தன் கட்சி வேட்பாளருக்கே, பணம் கொடுத்ததாகச் சொல்லப்பட்டவருக்கு அல்ல. அப்படியானால் பணத்துக்கும் ஓட்டுக்கும் தொடர்பே இல்லையே, பாதுகாப்பு எப்படிக் கிடைக்கும் என்று கேட்டு ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் மனுவைத் தள்ளியது. 1998-ன் தர்க்கத்தைக் கடைசி வரை கொண்டுபோனால் வேறு எங்கும் போய்ச் சேர முடியாது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

2019-ல் மூன்று நீதிபதிகள் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். 2023 செப்டம்பரில் ஐந்து நீதிபதிகள் ஏழு பேர் அமர்வுக்கு அனுப்பினார்கள். 2024 மார்ச் 4 அன்று தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஏழு பேரும் ஒருமனதாக 1998 தீர்ப்பை ரத்து செய்தார்கள். நம்மூர்க்காரரான எம்.எம். சுந்தரேஷ் அவர்களில் ஒருவர்.

காரணம் கிட்டத்தட்ட அகர்வாலும் ஆனந்தும் 26 ஆண்டுக்கு முன்பு எழுதியதுதான். லஞ்சம் வாங்கிய நொடியில் குற்றம் முடிகிறது, பிறகு எப்படி ஓட்டுப் போட்டார் என்பது முக்கியமில்லை. இந்தப் பாதுகாப்பைக் கேட்பவர் இரண்டைக் காட்ட வேண்டும்: அது அவையின் கூட்டுச் செயல்பாட்டோடு பிணைந்ததாக இருக்க வேண்டும், உறுப்பினர் தன் கடமையைச் செய்ய அது அவசியமாகவும் இருக்க வேண்டும். லஞ்சம் வாங்குவது இரண்டிலும் சேராது. மாநிலங்களவைத் தேர்தல் ஓட்டும் 194(2)-க்குள் வரும், ஆனால் லஞ்சத்துக்கு அங்கேயும் அடைக்கலம் இல்லை.

தீர்ப்பு வந்த பதினைந்தாம் நாள் மருமகள் பாரதிய ஜனதாவில் சேர்ந்தார். அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் தும்காவில் அக்கட்சிக்காக நின்று, மாமனாரின் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். கட்சித் தலைவர் 2025 ஆகஸ்ட் 4 அன்று டெல்லி மருத்துவமனை ஒன்றில் 81 வயதில் காலமானார். மறுநாள் நெம்ராவில் அரசு மரியாதையோடு தகனம். 1993 பணம் பற்றி எந்த நீதிமன்றத்திலும் அவரைக் குற்றவாளியென்றோ நிரபராதியென்றோ யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. பாதுகாப்பு என்பது விடுதலை அல்ல, வெறும் கதவடைப்பு. அவர் ஆதரவாளர்களுக்கும் அது நியாயம் செய்யவில்லை.

வேறு மாதிரி செய்திருந்தால்

புலனாய்வில் மாற்ற வேண்டியது ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வாங்கியவரின் கணக்கில் பணம் இருப்பதைக் கண்ட அன்றே, அந்த ரொக்கம் அதற்கு முன் எந்த வங்கியிலிருந்து, யார் கணக்கிலிருந்து வெளியே வந்தது என்று பின்னோக்கித் துரத்தியிருக்க வேண்டும். புகார் வருவதற்குள் இரண்டரை ஆண்டு ஓடிப்போனது பெரிய இடைஞ்சல்தான். ஆனாலும் கொடுத்தவர் பக்கம் ஒரே ஓர் ஆவணம் இருந்திருந்தாலும் அப்ரூவர் மீது இவ்வளவு பாரம் ஏறியிருக்காது.

அப்ரூவரைக் கையாண்டதில் இரண்டாவது பிழை. கட்சி மாறப்போகிறவரை, அல்லது மாறிவிட்டவரை, ஒரே முக்கியச் சாட்சியாக வைத்து முன்னாள் பிரதமர்மீது வழக்கு நடத்துவது பாதி இடிந்த சுவரில் ஏணி சாய்ப்பது போல.

சட்டமும் மாறியிருக்கிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பதே ஊழல் தடுப்புச் சட்டத்தில் நேரடியான குற்றம். 1985 கட்சித் தாவல் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தால் தப்பலாம் என்றிருந்த ஓட்டையை 2003 திருத்தம் அடைத்தது. 1993-ல் ஜனதா தளக் குழு பிரிந்து, பிறகு அந்த ஆண்டு இறுதியில் அதில் பலர் காங்கிரஸில் கலந்ததெல்லாம் இன்றைய சட்டத்தில் அவ்வளவு எளிதாக நடக்காது.

மாறாதது ஒன்று இருக்கிறது. 2024 அமர்வு எடுத்துக்கொண்டது பாதுகாப்புக் கேள்வியை மட்டும். 1998-ல் ரேயின் ஓட்டால் தீர்மானமான மற்ற கேள்வி, அதாவது குற்றப்பத்திரிகைக்கு முன் அவைத் தலைவரின் அனுமதி, அப்படியே இருக்கிறது. 'நாடாளுமன்றம் சட்டம் இயற்றும் வரை' என்று இடைக்கால ஏற்பாடாகச் சொன்னது அது. நாளைக்கு ஒரு ஓட்டெடுப்பில் அரசைக் காப்பாற்றக் காசு கைமாறினால், வாங்கிய எம்.பி. மீது வழக்குப் போடும் கோப்பு முதலில் போய் நிற்கப்போவது மக்களவைத் தலைவரின் மேஜையில். அவர் பெரும்பாலும் அந்தக் காசால் பிழைத்த கட்சியின் ஆளாகத்தான் இருப்பார்.